செங்கால் கோழிகள்

வியாழக்கிழமை காலை நான் காபியை அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தபோது, என் மனைவி வெலிகா ஏப்ரனை மடிபோல் ஏந்தியபடி உள்ளே வந்தாள். மடியில் இருந்ததை மேசை மேல் வைத்தாள். சோளம் என்று நாங்கள் கூப்பிடும் மஞ்சள் கோழி. செத்து விறைத்திருந்தது. வாலடியில் ஓர் இறகுகூட இல்லை. அங்கே ஒரு பெரிய காயம்.

"நல்லா பாத்துக்கோ லசார்," என்றாள். "ஞாயித்துக்கிழமை அந்தக் கதவை ஆணி அடிச்சு மூடிடு."

"எந்தக் கதவை?"

"தெரியாத மாதிரி கேக்காதே. எந்தக் கதவு வழியா அந்தக் கண்ணு உள்ள வந்துச்சோ அந்தக் கதவை."

தோட்டச் சுவரில் இருக்கும் சின்னக் கதவைச் சொன்னாள். எங்கள் மலைச்சரிவில் அநேகமாக எல்லா வீட்டுக்கும் அப்படி ஒன்று உண்டு. இரண்டு முற்றங்களுக்கு நடுவே, ஓர் ஆள் குனிந்து போகிற அளவில். உப்பு, ஈஸ்ட், ஊர்வம்பு எல்லாம் அதன் வழியாகத்தான் போய்வரும். பூட்டு கிடையாது. கதவுக்கு அந்தப் பக்கம் நெவேனா தனியாக இருக்கிறாள். கணவன் போய் நான்கு வருஷம் ஆகிறது. அவள் வீட்டுத் தலைவாசல் மேல்தெருவைப் பார்த்தது. மேல்தெரு என்று சொல்லிக்கொள்கிறோமே தவிர அது கல் படிக்கட்டு. ஏப்ரல்வரை அதில் பனிக்கட்டி படிந்திருக்கும். இடுப்பு எலும்பு முறிந்து தேறியவள் அதில் இறங்க முடியாது. ரொட்டி வண்டி, பேருந்து, மருந்துக்கடை எல்லாம் கீழ்த்தெருவில். அங்கே போக அவளுக்கு ஒரே வழி, சின்னக் கதவில் குனிந்து எங்கள் முற்றத்தைக் கடந்து போவதுதான்.

அவள் மகன் ஸ்பெயினில் இருக்கிறான். வீட்டை விற்றுவிட்டு வந்துவிடு என்று வாரம் தவறாமல் கூப்பிடுகிறான். "இந்தக் கதவு இருக்கிறவரைக்கும் எனக்குக் காலு இருக்குடா," என்று அவள் போனில் சொல்வதைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து நானே கேட்டிருக்கிறேன். ஆகவே ஞாயிற்றுக்கிழமை நான் அடிக்கப்போகும் ஆணி ஒவ்வொன்றும் எதன் மேல் இறங்கும் என்பது எனக்குத் தெரியும். வெலிகாவுக்கும் தெரியும். அவர்கள் இருவரும் பன்னிரண்டு வருஷமாக ஒரே பானையில் மிளகாய் விழுது கிண்டியவர்கள்.

முப்பத்தொரு வருஷம் கப்ரோவோ நகரத்தில் லிஃப்ட் பழுது பார்த்தவன் நான். அந்த வேலை எனக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தது: நேற்றுவரை ஓடிய இயந்திரம் இன்று நின்றால், கெட்டது எது என்று தேடாதே, மாறியது எது என்று தேடு. கதவை மூட எனக்கு மூன்று நாள் இருந்தது. மாறியது எது என்று யோசித்தேன்.

முதலில் மாறியது இடம். பறவைக் காய்ச்சல் பரவுகிறது, கோழிகளை வெளியே விடாதீர்கள் என்று பிப்ரவரி தொடக்கத்தில் உத்தரவு வந்தது. அதுவரை பிளம் தோப்பு முழுக்க மேய்ந்த பதினொரு கோழிகளைப் பழைய விறகுக் கொட்டகையில் அடைத்தோம். நான்கு எட்டு வைத்தால் எதிர்ச்சுவர் வந்துவிடும்.

அப்புறம் நெவேனா மெச்சினாள். பிப்ரவரி கடைசி வாரம், மார்ச் முதல் தேதிக்கான சிவப்பு வெள்ளை நூலை முறுக்கிக்கொண்டே சின்னக் கதவு வழியாக வந்தாள். நூலின் ஒரு நுனி பல்லுக்கிடையில், மறுநுனி விரலில். கொட்டகையின் கம்பிவலை வழியாக எட்டிப் பார்த்து, பல்லைத் திறக்காமலே, "அடேயப்பா, என்னா கொழுகொழுன்னு இருக்குங்க!" என்றாள்.

வெலிகா காத்திருந்தாள். அவள் காத்திருந்ததை நான் பார்த்தேன். எங்கள் ஊரில் எதையாவது மெச்சினால் உடனே மூன்று முறை துப்புவது போலச் செய்ய வேண்டும்: தூ, தூ, தூ. குழந்தையானாலும் சரி, கன்றுக்குட்டியானாலும் சரி, புதுக் காரானாலும் சரி. துப்பாமல் விட்ட மெச்சல் கண்ணேறு. நெவேனா துப்பவில்லை. சிரித்துவிட்டு, நூலை முறுக்கியபடியே ரொட்டி வண்டிக்குப் போனாள்.

இரண்டாம் நாள், சீமாட்டி என்கிற வெள்ளைக் கோழியின் முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு இறகைக் காணோம்.

மூன்றாவதாக வந்தது மார்ச் முதல் தேதி. மார்ச் மாதத்தை நாங்கள் மார்த்தா என்போம். காலையில் சிரித்து மாலையில் பனி கொட்டும் கோபக்காரி. அவளைத் தணிக்கச் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலை மனிதர் கையிலும், ஆட்டுக்குட்டி கழுத்திலும், மரக்கிளையிலும் கட்டுவோம். கண்ணேறும் அண்டாது. வருஷத்தின் முதல் செங்கால் நாரையையோ, முதலில் பூத்த பழமரத்தையோ பார்க்கும்வரை அதைக் கழற்றக் கூடாது. வெலிகா அன்று பதினொரு கோழிகளின் காலிலும் நூல் கட்டினாள். எல்லாம் நெவேனா முறுக்கித் தந்தவை. வருஷா வருஷம் அவள்தான் தருவாள் என்பதால் வெலிகா அன்று அதைப் பற்றி யோசிக்கவேயில்லை. என் மணிக்கட்டுக்கு மட்டும் வெலிகாவே முறுக்கினாள். புருஷன் கைக்கு நூல் பெண்டாட்டிதான் முறுக்க வேண்டும் என்பது அவள் சட்டம்.

ஐந்தே நாளில் சோளம் மேசைமேல்.

சோளத்தைத் தோப்பில் புதைத்துவிட்டு, ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டுக் கொட்டகைக்குள் உட்கார்ந்தேன். லிஃப்ட் பழுதிலும் இதே முறைதான். எதையும் தொடாமல் பெட்டியில் ஏறி, கீழும் மேலுமாகப் பத்து முறை போய்வர வேண்டும். கோழிகள் முதலில் என்னைப் பார்த்து ஒதுங்கின. கால்மணி நேரத்தில் என்னை மறந்துவிட்டன.

கோழிக்குக் கொத்துவது கோபமே அல்ல. அதுதான் அதன் கை, அதன் விரல், அதன் வேலை. தோப்பில் விட்டால் ஒரு நாளைக்குப் பல ஆயிரம் தடவை மண்ணைக் கொத்தும். புழு கிடைப்பதெல்லாம் அதில் கொஞ்சம்தான், மீதி சும்மா கொத்திப் பார்ப்பது. கொட்டகையில் அடைத்ததும் அந்தக் கணக்கு குறைந்துவிடாது. கொத்த மண் இல்லையே தவிரக் கொத்து அப்படியே இருக்கிறது. தீவனத் தொட்டியைக் காலி செய்ய அரைமணி நேரம் போதும். மிச்ச நாள் முழுக்க அலகு எதையாவது தேடும். பக்கத்தில் நிற்பவளின் இறகு அசைகிறது, பளபளக்கிறது. இழுத்துப் பார்க்கிறது. வந்துவிடுகிறது. தின்று பார்க்கிறது. பிடித்தும் போகிறது. பார்த்துக்கொண்டிருக்கும் இன்னொன்றும் கற்றுக்கொள்கிறது. சீமாட்டியின் முதுகு வழுக்கையான கதை அவ்வளவுதான். அதற்கு யார் கண்ணும் தேவையில்லை.

ஆனால் இறகு போவது வேறு, உயிர் போவது வேறு. நடுவில் ரத்தம் வர வேண்டும். கோழியின் கண்ணுக்குச் சிவப்பு என்றால் ஓர் அழைப்பு. ஒரு சொட்டுச் சிவப்பு தெரிந்தால் போதும், கூட்டமே அந்தப் புள்ளிக்கு ஓடும். நான் விடை தேடியது அந்தக் கேள்விக்குத்தான்: முதல் சிவப்பு எங்கிருந்து வந்தது?

ஒருமணி நேரம் கழித்துப் பார்த்தேன். கூட்டத்துக்குத் தலைவியான கறுப்பி நின்றுகொண்டிருந்தாள். அவள் முன்னால் ஒரு பழுப்புக் கோழி காலைத் தூக்கி வைத்தது. காலில் கட்டிய நூலின் குஞ்சம் ஆடியது. சிவப்பு, வெள்ளை, சிவப்பு. கறுப்பி தலையை ஒருபக்கம் சாய்த்தாள். டக். நூல் பிரிந்து இன்னும் அழகாகத் தொங்கியது. டக், டக். மூன்றாவது கொத்து நூலில் படாமல் காலில் பட்டது. தோல் கிழிந்தது. இப்போது ஆடுகிற சிவப்போடு ஈரச் சிவப்பும் சேர்ந்தது. பழுப்பு ஓடிப்போய் மூலையில் முகத்தைப் புதைத்து நின்றது. மூலையில் நிற்கிற கோழி உலகத்துக்குக் காட்டுவது வாலடியைத்தான்.

புரிந்துவிட்டது. பழுது கண்டுபிடித்த அந்த நிமிஷத்துக்கு ஒரு சந்தோஷம் உண்டு. முப்பத்தொரு வருஷமும் அந்த நிமிஷத்துக்காகவே நான் வேலைக்குப் போனேன். அன்றும் அது வந்தது. வாளியை விட்டு எழுந்தும்விட்டேன். வெலிகாவிடம் சொல்ல வாயைத் திறந்து இரண்டடி வைத்த பிறகுதான் அடுத்தது உறைத்தது: நூலால்தான் கோழி செத்தது என்று நான் சொன்னால் வெலிகா என்ன கேட்பாள்? யார் முறுக்கிய நூல் என்று கேட்பாள்.

உண்மையைச் சொன்னால் அந்த உண்மையே நெவேனாவின் கழுத்தை நெரிக்கும். திரும்பி வந்து வாளியில் உட்கார்ந்தேன்.

வெள்ளிக்கிழமை சத்தம் போடாமல் செய்யக்கூடியதை எல்லாம் செய்தேன். தரையில் ஒரு சாண் உயரத்துக்கு வைக்கோல் பரப்பி, அதற்குள் கோதுமையைத் தூவினேன். ஒரு மணியை எடுக்க இருபது தடவை கிளற வேண்டியிருக்கும். ஜன்னலில் சாக்குத் தொங்கவிட்டு வெளிச்சத்தைக் குறைத்தேன். மங்கலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. தீவனத்தில் சூரியகாந்திப் பிண்ணாக்கு சேர்த்தேன். உடம்பில் சத்து குறைந்தால் இறகைத் தின்னும் ஆசை கூடும். கறுப்பியைத் தனிக் கூண்டில் போட்டேன். மூன்று நாள் கழித்துத் திரும்ப விட்டால் தலைவிப் பதவி போயிருக்கும், புதுப்பெண் மாதிரி அடக்கமாக இருப்பாள். காயங்களுக்கெல்லாம் மருந்துக்கடையின் ஊதா மருந்தைத் தடவினேன். ஆற்றும், அதோடு சிவப்பையும் மறைக்கும்.

அங்கேதான் என் புத்தி அளவுக்கு மீறி வேலை செய்தது. காயத்தை ஊதாவாக்கலாம் என்றால் நூலையும் ஆக்கலாமே. கழற்றவும் வேண்டாம், யாரிடமும் சொல்லவும் வேண்டாம். இரண்டு கோழிக்குப் பூசி முடித்து மூன்றாவதைத் தொடையில் கிடத்தியிருந்தபோது கதவில் நிழல் விழுந்தது.

"என்ன பண்றே?"

"மருந்து போடறேன்."

"நூலுக்கா? நூலுக்கு என்ன, சளியா?"

நான் பொய் சொல்லத் தெரியாதவன். இது பெருமை இல்லை, குறை. லிஃப்ட் பொய்யை ஏற்காது, அதனால் பழக்கம் விட்டுப்போயிற்று. கோழிக்குச் சிவப்பு என்றால் என்ன என்பதில் ஆரம்பித்து, நிதானமாக, விளக்கமாக எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். அதுவே எனக்கு எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

"ஆக," என்றாள் கடைசியில், "நூலுதான் கொன்னுச்சு."

"சிவப்பு, வெலிகா. நூல்ல இருக்கிற சிவப்பு."

"அந்த நூலைப் பல்லுல கடிச்சு முறுக்கினது யாரு? எச்சியைத் துப்ப மனசில்ல, நூல்ல ஏத்திவிட்டா! ஒரு வார்த்தைல போட்டது பத்தலைன்னு பதினொரு முடிச்சு!"

"அப்போ நூலைக் கழட்டிடுவோம்."

அவள் முகம் மாறியது. கோபம் போய் அங்கே பயம் வந்தது. "நாரை வராம கழட்டறதா? உனக்கு ஞாபகம் இல்லையா?"

ஞாபகம் இருந்தது. இருபத்தாறு வருஷம் முன்னால் ஒரு மார்ச்சில், என் மணிக்கட்டு நூல் கிரீஸ் ஏறிக் கறுத்துவிட்டது என்று அவளே கத்தரித்து எறிந்தாள். மறுவாரம் ஒன்பது மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் குழியில் விழுந்தேன். தேய்ந்துபோன ஒரு கொக்கியால் விழுந்தேன், எனக்குத் தெரியும். ஆனால் நான்கு மாதம் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் அவள். அவளிடம் கொக்கியைப் பற்றிப் பேசி நான் இதுவரை ஜெயித்ததில்லை.

அன்று மத்தியானமே அவள் புது நூல் முறுக்கினாள். தன் கையால், இரட்டை இழை, கெட்டிச் சிவப்பு. நெவேனாவின் நூலை முறிக்க மேல் நூல். ஒவ்வொரு கோழிக்கும் கழுத்தில் கட்டினாள்.

பயந்தவள் நூலைக் கட்டுகிறாள். நூல் ரத்தத்தைக் கொண்டுவருகிறது. ரத்தம் பயத்தைக் கூட்டுகிறது. பயம் இன்னும் பெரிய நூலைக் கட்டுகிறது. ஓட்டத்தைக் கட்டுப்படுத்த வைத்த கருவியே ஓட்டத்தைத் தூண்டுகிற இயந்திரம் எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும். கழுத்து, காலைவிட மோசமான இடம். நான் கெஞ்சினேன். "போய் ஆணி வாங்கிட்டு வா," என்றாள்.

போய் வாங்கிவந்தேன். விரல் நீள ஆணி, இருபது. சுத்தியலோடு சேர்த்து அவற்றைச் சின்னக் கதவின் ஓரத்தில் அவளே வைத்தாள், அந்தப் பக்கமிருந்து வருகிறவள் கண்ணில் படட்டும் என்று.

சனிக்கிழமை பத்து மணிக்கு, ரொட்டி வண்டியின் ஹாரன் கீழ்த்தெருவில் கேட்டது. சின்னக் கதவு திறந்தது. முதலில் ஊன்றுகோல் வந்தது, பின்னால் நெவேனாவின் தலை. தலை ஆணிகளைப் பார்த்தது. பிறகு, முற்றத்து நடுவில் கைகட்டி நிற்கும் வெலிகாவைப் பார்த்தது.

"என்ன வெலிகா அக்கா, கதவுல எங்கயாவது ஆடுதா?"

"நாளைலேருந்து ஆடாது."

நெவேனா நிமிர்ந்தாள். அவளுக்குப் பச்சை கலந்த வெளிர்க்கண். அதை வெலிகாவின் மேல் வைத்து, உடனே கீழே இறக்கிக்கொண்டாள். அவள் காதுக்கும் கண்ணேறுப் பேச்சு எட்டியிருக்கிறது என்று அப்போது புரிந்தது. "மூணு நாளா என்னைப் பாத்தா எல்லாரும் பிள்ளையைத் தூக்கிட்டு உள்ள போறாங்க. நீ சொன்னதுதானா அது?"

"நான் ஒண்ணும் இல்லாததைச் சொல்லலை. என் கோழியைப் பாத்துக் கொழுகொழுன்னியா இல்லையா?"

"சொன்னேன்."

"துப்பினியா?"

"எப்படித் துப்புவேன்? வாயில நூலு! உனக்குத்தான் முறுக்கிட்டிருந்தேன், துப்பினா பிரிஞ்சு போயிருக்கும்!"

"நூலை எடுத்துட்டுத் துப்பறது. ரெண்டு நிமிஷம் கழிச்சுத் துப்பறது. வீட்டுக்குப் போய்த் துப்பினேன்னு ஒரு வார்த்தை சொல்றது."

"பன்னெண்டு வருஷமா உன் வாசல்ல துப்பிட்டேதான் இருக்கேன். ஒரு நாள் விட்டதுக்கு ஆணியா?" நெவேனா என் பக்கம் திரும்பினாள். "லசார் அண்ணா, நீங்களா அடிக்கப் போறீங்க?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் கொட்டகையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கோழி வளர்த்தவர்கள் அதை ஒருமுறை கேட்டால் மறக்க மாட்டார்கள். முட்டையிட்ட கொக்கரிப்பு இல்லை. மெல்லியது, நீளமானது, கீச்சென்று.

ஓடினேன். சீமாட்டி மூலையில் கிடந்தாள். வெள்ளைக் கழுத்தில் நூல் எது, ரத்தம் எது என்று தெரியவில்லை. எட்டுக் கோழிகள் அவள் மேல். கறுப்பி தனிக் கூண்டில் இருந்ததால் தலைவி இல்லாமலே நடந்தது இது. முழங்காலிட்டு இரண்டு கையாலும் அவற்றை விலக்கினேன். இடது கையால் சீமாட்டியை அணைத்துத் தூக்கும்போது சட்டைக்கை மேலேறி என் மணிக்கட்டு வெளியே வந்தது.

சிவப்பு, வெள்ளை, சிவப்பு.

முதல் கொத்து வலிக்கவில்லை. இரண்டாவது நரம்பில் பட்டது. பிறகு எண்ண முடியவில்லை. சீமாட்டியை விட்டுவிட்டு எல்லாம் என் கையை நோக்கித் திரும்பின. ஒன்று நூலின் குஞ்சத்தைக் கவ்வித் தொங்கியது. கையை இழுக்கலாம் என்று நினைத்தேன். கதவில் வெலிகா நிற்பதைப் பார்த்ததும் இழுக்கவில்லை.

"கையை எடு!" என்று கத்தினாள். "ஏய் மனுஷா, கையை எடு!"

"பாரு," என்றேன். "நல்லா பாரு. இது யார் முறுக்கின நூலு?"

அலகுகள் டக் டக்கென்று விழுந்துகொண்டிருந்தன. என் தோல் கிழிந்து, ரத்தம் ஒரு கோடாக உள்ளங்கைக்கு இறங்கியது.

"என்னுது," என்றாள், ரொம்பச் சின்னக் குரலில்.

"இவ கழுத்துல இருக்கிறது?"

"அதுவும் என்னுது. போதும் லசார். எடு."

எடுத்தேன். சீமாட்டியின் நெஞ்சு என் கைக்குள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. உயிர் இருந்தது. வெலிகாவுக்குப் பின்னால் ஊன்றுகோலில் சாய்ந்தபடி நெவேனாவும் எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். ரொட்டி வண்டி இன்னொரு முறை ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

முற்றத்துப் பெஞ்சில் என்னை உட்காரவைத்து வெலிகா காயத்தில் ராக்கியாச் சாராயத்தை ஊற்றினாள். சீமாட்டிக்கு ஊதா மருந்து தடவினாள். பாதி என் கால்சட்டையில் போயிற்று.

"உன் கண்ணும் இல்ல, அவ கண்ணும் இல்ல," என்றேன். "கோழிக் கண்ணு. அதுக்குச் சிவப்பு ஆகாது. எல்லாத்தையும் கழட்டிடுவோம், வெலிகா."

"நாரை வரலையே." அவள் என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நூலு கொல்லுதுன்னு பாத்துட்டேன். நம்பறேன், போதுமா? ஆனா நாரை வராம கழட்டி இன்னொரு தடவை உன்னை... அது என்னால முடியாது. சொன்னா சிரிப்பே. சிரி. முடியாது."

நான் சிரிக்கவில்லை. நாரை மார்ச் கடைசியில் வரும். இன்னும் மூன்று வாரம். இந்தக் கொட்டகையில் மூன்று வாரத்துக்கு ஒரு கோழியும் தாங்காது. கொட்டகைக்குள்ளிருந்து மறுபடி சலசலப்புக் கேட்டது. அடுத்தது யார் என்று தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தன.

நெவேனா ஊன்றுகோலால் தரையில் தட்டினாள். "பூத்த மரம்னா?"

"எந்த மரம் இப்போ பூத்திருக்கு?" வெலிகா திரும்பாமலே கேட்டாள். "பிளம் இன்னும் மொட்டே விடலை."

"என் வீட்டு த்ரியன் பூத்திருக்கு. முந்தாநாள்லேருந்து. தென்பக்கம், புகைபோக்கிச் சுவரை ஒட்டி நிக்குதுல்ல, அந்தச் சூட்டுக்கு."

இலை வருவதற்கு முன்பே மஞ்சளாகப் பூக்கும் மரம் த்ரியன். வருஷப் பிறப்பன்று அதன் குச்சியால்தான் ஒருவர் முதுகில் ஒருவர் தட்டி, த்ரியன் மாதிரி கெட்டியாக இரு என்று வாழ்த்துவோம்.

"த்ரியன் பழமரமா?" வெலிகா சந்தேகமாகக் கேட்டாள்.

"போன வருஷம் என் த்ரியன் ஜாமை ரெண்டு பாட்டில் தின்னியே, அது என்ன, விறகா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கை வலித்ததால் பாதியில் நின்றது.

வெலிகா எழுந்தாள். சின்னக் கதவைப் பார்த்தாள். மரம் கதவுக்கு அந்தப் பக்கம், வீட்டின் மறுபுறம். இங்கிருந்து தெரியாது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் குனிய வேண்டும். வெலிகா குனியவில்லை, நின்றுகொண்டிருந்தாள். கொட்டகையில் மறுபடி அந்த மெல்லிய கீச்சு.

"நான் பாத்தா போதாது," என்றாள் திடீரென்று. "நூலு போட்டிருக்கிறவங்கதான் பாக்கணும்."

"யாரு?"

"கோழிங்க. ஒவ்வொண்ணும் பாக்கணும். இல்லேன்னா செல்லாது."

அப்படி ஒரு சட்டம் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. நெவேனாவும் கேள்விப்பட்டிருக்க மாட்டாள். ஆனால் அவள் தலையாட்டினாள். "சரியாத்தான் சொல்றே. கோழியும் பாக்கணும்."

கக்கத்துக்கு ஒன்றாக வெலிகா இரண்டு கோழிகளைத் தூக்கிக்கொண்டாள். குனிந்தாள். ஆணிகளும் சுத்தியலும் அவள் காலுக்குப் பக்கத்தில் இருந்தன. தாண்டிப் போனாள். நான் சீமாட்டியோடு பின்னால் போனேன். கோழியை வெளியே கொண்டுவராதே என்ற உத்தரவு நினைவிருந்தது. தரையில் விடவில்லை, கக்கத்தில்தானே இருக்கின்றன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மரம் இருந்தது. சாம்பல் நிறச் சுவருக்கு முன்னால், இலையே இல்லாமல், ஒவ்வொரு கணுவிலும் மஞ்சள் தூளைத் தூவியது போல. நெவேனா கத்தரிக்கோல் கொண்டுவந்தாள். வெலிகா கோழியின் முகத்தைப் பூவுக்கு நேராகப் பிடித்து, "பாத்தியா?" என்று கேட்பாள். கோழி தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்க்கும். நெவேனா கால் நூலையும் கழுத்து நூலையும் கத்தரிப்பாள். கத்தரித்த கையோடு, "தூ, தூ, தூ," என்று கோழியின் தலையில் நிஜமாகவே துப்புவாள். நான்காவது கோழிக்கு மேல் கோழிகள் நனைந்துபோயிருந்தன.

"போதும்டி," என்றாள் வெலிகா. "முழுகவைக்காதே."

"வேணாம்மா. அப்புறம் ஒண்ணு குறைஞ்சுதுன்னு சொல்லுவே."

ஐந்து நடை போனோம். கூண்டிலிருந்த கறுப்பிதான் கடைசி. அவள் பூவைப் பார்த்ததும் எட்டி ஒரு கொத்துக் கொத்திப் பூவைத் தின்றுவிட்டாள். வெட்டிய நூல்களையெல்லாம் கிளையில் கட்டினோம். நெவேனா முறுக்கியதும் வெலிகா முறுக்கியதும் ஒரே கொப்பில் தொங்கின. கடைசியாக வெலிகா என் கையைப் பிடித்து மணிக்கட்டைத் திருப்பினாள். ரத்தத்தில் ஊறி வெள்ளை இழையும் சிவப்பாகிவிட்ட நூல். கத்தரியை அவள் வாங்கவில்லை. முடிச்சை நகத்தால் மெதுவாகப் பிரித்தாள். ரொம்ப நேரம் ஆயிற்று. பிரித்ததை மற்றவற்றைவிட உயரத்தில், என் உயரத்துக்குக்கூட எட்டாத கிளையில், நெவேனா வீட்டுப் பெஞ்சின் மேல் ஏறிக் கட்டினாள்.

இறங்கி, இரண்டடி தள்ளி நின்று மரத்தை முழுசாகப் பார்த்தாள்.

"எவ்வளவு பூ," என்றாள். சட்டென்று நிறுத்தி நெவேனாவைப் பார்த்தாள். பிறகு பக்கவாட்டில் திரும்பி மூன்று முறை துப்பினாள். "என் கண்ணும் கண்ணுதானே."

நெவேனா ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, "ரொட்டி வண்டி போயிடுச்சு," என்றாள்.

"என்கிட்ட ஒரு ரொட்டி இருக்கு. வா."

கோழிகள் உடனே திருந்திவிடவில்லை. பழகிய அலகு நூல் போன பிறகும் இரண்டு நாள் சீமாட்டியைத் தேடியது. காயம் ஆறும்வரை அவள் எங்கள் சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியில் ஊதாக் கழுத்தோடு இருந்தாள். கறுப்பியை மூன்றாம் நாள் திரும்ப விட்டபோது அவளை யாரும் மதிக்கவில்லை. மற்றவற்றுக்குக் கொத்த வேறு ஏதாவது கொடுக்க வேண்டியிருந்தது. கோழி தலைக்குச் சற்று மேலே ஒரு முட்டைக்கோசு தொங்கினால் அது எட்டி எட்டிக் கொத்தும், கோசு ஆடும், ஆடுவதால் மறுபடி கொத்தும். ஒரு கோசு ஒரு நாளுக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை காலை வெலிகாவே சுத்தியலை எடுத்துக் கையில் கொடுத்தாள். கொட்டகை உத்தரத்தில் ஆறு ஆணி அடித்தேன். மீதிப் பதினான்கும் இன்னும் சின்னக் கதவின் ஓரத்தில்தான் கிடக்கின்றன. கோசு தீர்ந்ததும் பூசணி தொங்கவிட வேண்டும், அதற்கு இந்த நீள ஆணிதான் வேண்டும் என்று வெலிகா சொல்லியிருக்கிறாள்.